முக்கால் மில்லிமீட்டர்

நெய்வேலியில் நில அதிர்வுக் கருவி ஒன்றைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார் அவர். பெயர் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில். பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் வடக்குத்தின் டீக்கடையில் கிளாஸைத் தூக்கப் பத்து எண்ணுவார், இறக்க இன்னொரு பத்து. எங்களுக்கெல்லாம் அது சிரிப்பு.

ஒருநாள் மைன்ஸில் வெடி வைத்ததில் கடைப் பாத்திரமெல்லாம் கடகடத்தது. "இதவிடப் பெரிசு உங்க மிஷின்ல வந்திருக்காதுங்க," என்றேன், ஊர்ப் பெருமையோடு.

"நேத்து மத்தியானம் வந்துச்சு, அண்ணே. கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய பூகம்பம். அதோட அலை தரை மேலாவே ஓடி வந்து உங்கள இருபது செகண்டுல முக்கால் மில்லிமீட்டர் தூக்கி இறக்குச்சு. அந்த உயரத்தையும் தூரத்தையும் வெச்சுத்தான் பூகம்பம் எவ்ளோ பெரிசுன்னு கணக்குப் போடுறோம்."

"நேத்து இதே பெஞ்சுலதான் உக்காந்துகினு இருந்தேன். ஒண்ணும் தெரியலயேங்க?"

அவர் கிளாஸை மெல்லத் தூக்கினார், மெல்ல இறக்கினார். இருபது செகண்ட். டீயின் மேல் படிந்திருந்த ஆடைகூட அசையவில்லை.

இப்போதெல்லாம் வெடிச் சத்தத்துக்கு நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எதுவுமே ஆடாத மத்தியானங்களில்தான் பெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறேன்.