தொப்பி போட இருந்த மாலை

வண்ணத் தொப்பியும் தோளுக்குக் குறுக்கே நாடாவுமாகத் திரியும் மாணவர் சங்கத்தில் சேரலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எண்பதுகளின் நடுவில் நானும் அந்தத் தொப்பிக்கு அலைந்தவன்.

உண்மையில் என் ஆசை தொப்பியில் இல்லை, அறையில்தான். சூரிச்சில் பொறியியல் படித்துக்கொண்டு, பக்கத்து ஊரான ஊஸ்டரில் எங்கள் ஊர் அண்ணை ஒருவரோடும் அவருடைய கூட்டாளிகளோடும் ஒரே அறையில் இருந்தேன். லைட்டைப் போட்டால் அவர்களுடைய நித்திரை கெடும், போடாவிட்டால் என் படிப்பு கெடும். பரீட்சையில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தேன். இன்னொருமுறை தவறினால் வெளியே போக வேண்டியதுதான். அண்ணையோ ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவி எனக்குச் சாப்பாடு போட்டவர். "நீ படி தம்பி, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்பார்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த சுவிஸ் பெடியன்தான் சங்கத்தைப் பற்றிச் சொன்னான். சங்க வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை காலியாம், உறுப்பினருக்கு மட்டும்தானாம். பாட்டு, நட்பு, பழைய பரீட்சைத் தாள்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். புதிதாக வந்தவனை நரி என்பார்கள். நரிக்கு வாய் கிடையாது. மூத்தவர்களுக்குப் பியர் எடுத்துக் கொடுக்க வேண்டும், கூட்டத்தின் நடுவில் மூத்திரத்துக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. சேர்ந்தால் சாகும்வரை சேர்ந்ததுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் உன்னைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கினால் நீ எழும்பி, அவர் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். மறுத்தால் அவரை அவமதித்ததாகிவிடும்.

அண்ணையிடம் 'சங்கம்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் அதை வாசிகசாலை மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார். அறை கிடைக்கப்போகிறது என்றதும் எனக்காக ஒரு மேசை விளக்கு வாங்கி, பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

என்னை உறுப்பினராக்கித் தொப்பி போடும் மாலையில், வழக்கமான நிலவறையில் திருத்தவேலை நடந்ததால், கூட்டத்தை ஓர் உணவகத்தின் மேல் மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். வாசலுக்குப் போன பிறகுதான் எந்த உணவகம் என்று தெரிந்தது. அண்ணை வேலை செய்யும் இடம்! குசினிக்காரர்கள் மண்டபத்துக்கு வருவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு போய் அமர்ந்தேன். ஆனாலும் கண் கதவிலேயே கிடந்தது. கதவு அசையும்போதெல்லாம் பாட்டில் ஒரு வரியைத் தவறவிடுவேன். பக்கத்திலிருந்தவன் முழங்கையால் இடிப்பான்.

கடைசியில் சங்கத்து முதியவர் ஒருவர் என்னைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கினார். அறையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்பவர் அவர்தான். எழும்பினேன். கிளாஸ் உதட்டுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பரிமாறுகிற பெண் அன்று வரவில்லை போலும், வெறுங் கிளாஸ்களை எடுக்கத் தட்டோடு வந்தவர் அண்ணை.

என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. தலை குனிந்தது. பியர் காற்சட்டையில் வழிந்தது. மூத்தவர் முன்னால் கிளாஸும் கையுமாக நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

"என்னோடு குடிக்க மாட்டாயா?" என்று முதியவர் கேட்டார்.

"என் அண்ணை நிற்கிறார்" என்றேன்.

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கே?" என்று கேட்டான், என்னைக் கூட்டிவந்தவன். அவன் முன்னாலிருந்த கிளாஸைத்தான் அண்ணை அப்போது எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கிளாஸையும் தட்டில் வைத்து, தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரோடு குசினிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

குசினியில் அண்ணை கேட்டார். "அந்த வெள்ளைத் தலையரோ அறை குடுக்கிறவர்?"

"ஓம் அண்ணை."

"விசரா! என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டிருப்பன். நீ குடிச்சிருக்கலாமெல்லே?"

அடுத்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பொழுதுபட்டதும் கட்டிலுக்குக் கீழேயிருந்து விளக்கை எடுத்தார். பெட்டியின் மட்டையை வெட்டி, மற்றவர்களின் கண்ணில் வெளிச்சம் படாதபடி விளக்கைச் சுற்றி மறைப்புக் கட்டினார். என் பக்கம் மட்டும் திறந்திருந்தது.

"இனிப் படி" என்றார். கோபம் இன்னும் போகவில்லை.