ஆனைக்குப் பக்கத்துல நில்லுங்க

வெயில் முதுகில் விழும்படி தெருவில் திரும்பி நின்றுகொள்வார் முகம்மது நூகு. எதிர்ச் சுவரில் பத்தடி உயர யானை. அதன் தும்பிக்கையில் பூப்பூவாய்ச் சிதறும் கம்பி மத்தாப்பு. கழுத்தில் தொங்கும் டப்பா கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து, மேலேயுள்ள சின்னக் கண்ணாடியில் யானை முழுதாக விழுகிறதா என்று பார்ப்பார். பிறகு அந்த வழியாக வருகிற முதல் ஆளை மறிப்பார்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம். அந்த ஆனைக்குப் பக்கத்துல நில்லுங்க.”

“எதுக்கு?”

“ஆனை எம்புட்டுப் பெருசுன்னு தெரிய வேண்டாமா?”

இதற்கு மேல் யாரும் வாதம் செய்ததில்லை. புல்லுக்கட்டோடு வந்தவர் புல்லுக்கட்டோடு நிற்பார். கோழி விற்கப் போகிற அம்மாள் கோழியையும் ஒரு கையில் தூக்கிப் பிடிப்பாள். வெம்பக்கோட்டையில் ஒருவர் யானையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார்.

விருதுநகர் பஜாரில் ஆபீசும், விஸ்வநத்தம் பக்கம் ஆலையும் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் நூகுவுக்கு வேலை. சீசனுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் நல்ல சுவராகப் பார்த்துப் பிடித்து, கம்பெனியின் யானை விளம்பரத்தை எழுத வைக்க வேண்டும். எழுதியாயிற்று என்பதற்கு அத்தாட்சியாக ஒரு படம் கொண்டுவர வேண்டும். கேமரா முதலாளி அய்யாதுரை வாங்கிக் கொடுத்தது. முதல் வருஷம் வெறும் சுவர்களாகத்தான் எடுத்தார். “ஏலே, எது மல்லாங்கிணறு, எது வெம்பக்கோட்டை? எல்லாம் ஒரே ஆனையா இருக்கு” என்றார் முதலாளி. மறு வருஷம் அடையாளத்துக்கு ஓர் ஆளை நிறுத்தினார் நூகு. அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பழக்கம். இப்போது படங்களில் ஆள் பெரிதாகி, யானை காலும் வாலுமாகச் சுருங்கிவிட்டது.

சிரிக்கச் சொல்லி யாரையும் அவர் கேட்பதில்லை. “சிரிங்கன்னா பல்லுதான் வரும். காலையில என்ன சாப்பிட்டீகன்னு கேக்கணும். அப்பதான் ஆளு வரும்” என்பார். அடுத்த முறை அந்த ஊருக்குப் போகும்போது படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இவுகளைத் தெரியுமா?” என்று தெருத்தெருவாக விசாரித்து உரியவரிடம் சேர்ப்பார். ஆள் கிடைக்காத படங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மனைவி பைரோஜா அவற்றை அடிக்கடி எடுத்துப் பரப்பி, சொந்தக்காரர்களைப் போல விசாரிப்பாள். “இந்தக் கோழிக்காரம்மாவை அதுக்கப்புறம் பாத்தீகளா?”

அறுபத்திரண்டு ஆவணியில், மல்லாங்கிணறு பஸ் நிற்கும் இடத்தில், பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் சுவரில் யானை எழுதியாயிற்று. கீழே சாண் உயர எழுத்தில் ‘கேட்டு வாங்குங்கள்’. பெயின்டர் சோலைமலை கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். பஸ்ஸுக்கு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மூத்தவள் யானையின் தலைப்பக்கம், இளையவள் வால்பக்கம். இருவரும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றார்கள். நூகுவுக்கு அது தோதாக இருந்தது. யானையின் நீளம் நன்றாகத் தெரியும்.

அவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளாடு வந்தது. நல்ல வெள்ளை. சுவர் ஓரமாகவே நடந்து, அரிப்பெடுத்ததோ என்னவோ, ஈர எழுத்தில் விலாவை நன்றாக ஒரு தேய் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. அதன் வயிற்றில் இடம் வலம் மாறி, சிவப்பாக ‘வாங்கு’ ஒட்டிக்கொண்டிருந்தது.

“யக்கா! ஆடு வெலைக்கு வருது!” என்று கத்தினாள் இளையவள்.

மூத்தவள் திரும்பினாள். ஆட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வெடித்துச் சிரித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூகு கேமராவைத் தட்டினார்.

அடுத்த கணம் இருவர் முகங்களும் சாத்திக்கொண்டன. பஸ் வந்தது. ஒருத்தி முன்வாசலில் ஏறினாள், மற்றவள் பின்வாசலில்.

“என்ன காரியம் பண்ணிட்டீக பாய்!” என்று டீக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். “சண்முகத்தாயும் ராமுத்தாயும் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி. அக்கா வீட்டுக் கன்னுக்குட்டி தங்கச்சி பருத்தியை மேஞ்சிருச்சுன்னு பேச்சை விட்டு ஒம்பது வருசமாச்சு.”

படம் கழுவி வந்தது. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கேட்டு… அதுக்கப்புறம் என்னலே? எழுத்தைக் காணோம்?”

“ஆடு கொண்டு போயிருச்சு முதலாளி. சோலைமலை மறுபடி எழுதிட்டான்.”

“நான் செவரைக் கேட்டா நீ ஆட்டையும் பொம்பளையாளுகளையும் எடுத்துட்டு வருவே! போதும். கேமராவை இங்கன வையி. நாளையிலருந்து வேற ஆளு போவான்.”

நூகு கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்று வீட்டில் பைரோஜா பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது, “மூடி வையி” என்றார். கழுத்தில் கேமரா வார் உரசிய இடத்தை அவர் கை தடவிக்கொண்டே இருந்தது.

ஆனாலும் படம் உரியவரிடம் சேர வேண்டுமே. மறுநாள் மல்லாங்கிணறு போய்ச் சண்முகத்தாய் வீட்டு வாசலில் நின்றார். அவள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. அவளை வெட்டிட்டுக் குடுங்க பாய்.”

“வெட்டிரலாம் ஆத்தா. ஆனா நீங்க சிரிக்கிறது அவுகளைப் பாத்து. அவுகளை வெட்டிட்டா, நீங்க யாரைப் பாத்துச் சிரிக்கீக?”

அவள் படத்தை முந்தானையில் துடைத்தாள். “மோர் குடிச்சிட்டுப் போங்க” என்று உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் காலை, விருதுநகர் ஆபீஸ் வாசலில் ஒரே சத்தம். இப்போது ஆபீசுக்குள் பார்சல் கட்டுகிற நூகு எட்டிப் பார்த்தார். அக்காளும் தங்கச்சியும் ஒரு கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இவ படத்தைக் கொண்டாந்து காட்டுனா பாய். குடுடின்னா குடுக்க மாட்டேங்கா” என்றாள் ராமுத்தாய்.

“எங்கிட்டதான குடுத்தாக!”

“சிரிப்பு என்னுதுதான!”

அய்யாதுரை முதலாளி வெளியே வந்தார். “இது என்ன போட்டோ ஸ்டுடியோவா? யாரும்மா நீங்க?”

“நீங்கதான் ஆனைக்காரரா?” என்றாள் சண்முகத்தாய். “ஒங்க ஆனை முன்னாலதான் இவ என்னை ஒம்பது வருசம் கழிச்சு அக்கான்னு கூப்பிட்டா. இந்தத் தீவாளிக்கு ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே வாசல்லதான் வெடி. இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் படத்தை அவர் கையில் திணித்தாள்.

முதலாளி இந்த முறை எழுத்தைத் தேடவில்லை. முதலில் சிரிக்கும் இரண்டு முகங்களைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் எதுவுமே நடக்காததுபோல் நடந்துபோகும் ஆட்டைப் பார்த்தார். மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குமாஸ்தா உக்கிரபாண்டி எழுந்து ஓடிவந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அவரே கேமராவை எடுத்து வந்தார்.

“இந்தாலே நூகு. ஊர் ஊருக்கு நீயே போ. ஆனா செவரு முழுசா விழணும், ஆமா.”

ஆபீசுக்கு எதிரே, கம்பெனியின் சொந்தச் சுவரில் யானை நின்றது. அக்காளும் தங்கச்சியும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, தும்பிக்கைப் பக்கம் யார் என்று புதிதாக ஒரு சண்டையைத் தொடங்கினார்கள். நூகு வெயிலுக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்தார். முதலாளி அவர் தோளுக்கு மேலாக எட்டி, “வால் தெரியுதா? எழுத்துத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நூகு நிமிர்ந்தார். பதினாறு வருஷமாக அந்த மனிதர் எதிரில் தோளில் துண்டுகூடப் போட்டதில்லை அவர். இப்போது முதலாளியின் கையைப் பிடித்துத் தெருவைத் தாண்டிக் கூட்டிப்போய், இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு ஒரு விரலால் அவர் மோவாயைத் தொட்டு, முகத்தை வெயில் பக்கம் திருப்பிவிட்டு, “காலையில என்ன சாப்பிட்டீக?” என்றார்.