பச்சைக் கோட்டுப் பெண்

மேவிஸ் கிரெய்லிங்குக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஸ்கெல்ஸி சுற்றுலாத் தகவல் நிலையத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருபத்தெட்டு வருஷமாகக் கிடக்கிறது. அதன் இருக்கையில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அழியவில்லை என்பது உடன் வேலை பார்க்கும் ட்ரிஷின் கேலி. வருகிறவர்களுக்கு நின்றபடியேதான் பதில்.

"மழையா? கலங்கரை விளக்கத்துக்குப் போங்க, நூத்திப் பன்னெண்டு படி, ஏறினா உடம்பு சூடாயிடும். வெயிலா? கடல்பாலம். குழந்தை இருக்கா? கழுதைச் சவாரி, அப்புறம் பொம்மை ஊர். அங்கே தினம் இடம் மாறி நிக்கிற பச்சைக் கோட்டுப் பெண்ணைக் கண்டுபிடிச்சா மிட்டாய்க் குச்சி உண்டு. நாயா? வடக்குக் கரைக்குக் கூட்டிட்டுப் போங்க கண்ணு, தெற்குல அபராதம் போட்டுருவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்துவிடுவாள். யாரும் எங்கேயும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இருந்தாலும் பார்ப்பாள்.

செவ்வாயும் வியாழனும் அவள் தலைமையில் ஊர்நடை. ஒன்றரை மணி நேரம் என்று அச்சடித்திருக்கும். மேவிஸ் ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். போன கோடையில் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தேவாலயத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கூட்டம் மீன் சந்தையைத் தாண்டிக் கடற்கரையில் நின்றது. ஒன்பதாவது நிறுத்தம், கடைசி நிறுத்தம், பொம்மை ஊர். அதன் வாசலோடு மேவிஸ் திரும்பிவிடுவாள். "பெரியவங்களுக்கு ரெண்டு பவுண்டு, குளத்தோரம் பார்த்து நடங்க, வந்ததுக்கு நன்றி." உள்ளே அவள் கால் வைத்து முப்பத்தைந்து வருஷமாகிறது.

பொம்மை ஊர் என்றால் எங்கள் ஊரேதான், பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. தேவாலயக் கோபுரம் ஓர் ஆள் உயரம். குளத்துக்குள் நீளும் கடல்பாலம், கடைத்தெரு, ரயிலடி, கிரிக்கெட் மைதானம் எல்லாம் உண்டு. சாண் உயரம்கூட இல்லாத முந்நூறு மனிதர்களும் உண்டு, எல்லாம் நிஜ ஆட்கள். ரொட்டிக்கடைக்காரர் தொப்பையோடு நிற்பார், பாதிரியார் சைக்கிளிலிருந்து விழப்போவார். ஊரின் பழைய குடும்பத்தில் இருபத்தொரு வயது ஆனால் ஒரு பொம்மை. செத்தால் அது வீட்டாருக்குப் போகும். ஊரை விட்டுப் போனால் போகிறவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். இது பொம்மை ஊரைக் கட்டி நடத்தும் ஆர்மராட் குடும்பத்து விதி. அப்பா ஆர்மராட் போன பின் மகன் வில்ஃப் அதை அப்படியே காப்பாற்றி வருகிறார்.

மேவிஸுக்கு இருபத்தொன்று ஆன வருஷம் அவள் ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டிருந்தாள். அந்தக் காலத்தில் பத்துப் பவுண்டு கட்டினால் அரசாங்கமே கப்பலேற்றி அனுப்பும். போகிறவளுக்கு எதற்குப் பொம்மை என்று கிழவர் ஆர்மராட் சொல்லிவிட்டார். மறு வருஷம், 1959 செப்டம்பரில் கப்பல். லீட்ஸுக்குப் போய்ப் புதுக் கோட்டு வாங்கினாள். ஆகஸ்டில் அவள் அப்பாவுக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது. அம்மா ஏற்கெனவே இல்லை, தங்கை ஐவிக்குப் பதினாறு வயது. கப்பல் போயிற்று, மேவிஸ் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே பத்துப் பவுண்டில் ஐவி போனாள். அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம் கஞ்சி ஊட்டியது மேவிஸ்.

குளிர்காலம் முழுக்க மூடியிருந்த பொம்மை ஊர் 1960 ஈஸ்டருக்குத் திறந்த அன்று அவள் உள்ளே போனாள். ஊரிலேயே தங்கிவிட்டவள் ஆயிற்றே, இப்போதாவது வைத்திருப்பார்கள் என்று ஓர் ஆசை. தன் வீட்டு வாசலில் பார்த்தாள். அப்பா மட்டும் பழைய தெம்போடு வலை பின்னிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் பார்த்தாள், நடன மண்டபத்தில் பார்த்தாள். அவள் இல்லை. வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த வில்ஃபிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வில்ஃப் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு," என்றார். "ஆமா, வரும்போலத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

அதன் பிறகு, "அடுத்த வருஷம் நான் கிளம்பிடுவேன்," என்பது அவள் வாய்ப்பாடு ஆயிற்று. ஊர் விடுமா? இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கேட்டால், "மேவிஸ் கப்பல் ஏறுற அன்னைக்குத் தர்றேன்," என்பார்கள். அவள் காது படவே சொல்வார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அலமாரியை இடம் மாற்றி வைப்பாள்.

இந்த வசந்தத்தில் அவளிடம் நிஜமாகவே சீட்டு இருந்தது. கணவனை இழந்த ஐவி அடிலெய்டிலிருந்து எழுதியிருந்தாள்: இரண்டு அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடு. சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது ரயில், அப்புறம் லண்டன், அப்புறம் விமானம். திரும்பி வரச் சீட்டு எடுக்கவில்லை. ட்ரிஷைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் அதைவிடச் சிரிப்பார்கள். போவாளா என்பது அவளுக்கே உறுதியில்லை. பெட்டியை மூன்று தரம் கட்டி மூன்று தரம் பிரித்தாயிற்று. போனால் இந்த ஊர் என்னைத் தேடுமா என்ற ஒரே கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன வெட்கக்கேடு என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அது அவளுடைய கடைசிச் செவ்வாய் நடை. லெஸ்டரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதில் ஜெம்மா என்று எட்டு வயதுப் பெண், கையில் பாதி சப்பிய மிட்டாய்க் குச்சி. மீன் சந்தையிலிருந்தே அது மேவிஸை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பொம்மை ஊர் வாசலில் மேவிஸ் வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்ததும் குழந்தை கத்திவிட்டது.

"அம்மா, இவங்கதான்! காலையில நான் கண்டுபிடிச்சேனே, பச்சைக் கோட்டு! அவங்களும் இப்படியேதான் வாட்ச் பார்ப்பாங்க!"

"சும்மா இரு ஜெம்மா. மன்னிச்சுக்கோங்க, அவ எதையாவது உளறுவா," என்று தாய் முகம் சிவந்தாள்.

மேவிஸ் அசையவில்லை. லீட்ஸில் வாங்கிய அந்தக் கோட்டு பச்சை நிறம். கப்பல் போன மறுமாதம் அதைத் தேவாலயத்துப் பழந்துணி விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். ஊரில் பச்சைக் கோட்டு நூறு பேரிடம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் கால்கள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தன.

வில்ஃப் ஆர்மராட் கடைத்தெருவில் மண்டியிட்டுக் கத்தரிக்கோலால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். வீடுகளின் கூரைக்கு மேலே அவர் முதுகு மட்டும் மலைபோல் தெரிந்தது.

"வில்ஃப்."

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு மழை வராதுன்னு நினைக்கிறேன்."

"மழையைத் தூக்கிக் குப்பையில போடு. அந்தப் பச்சைக் கோட்டுக்காரி யாரு?"

கத்தரிக்கோல் ஒரு தரம் காற்றை வெட்டியது. "நீதான்."

"எத்தனை வருஷமா?"

"அறுபது ஈஸ்டர்லேருந்து."

"பொய் சொல்லாதே! அன்னைக்கு நான் வந்து சந்து சந்தாத் தேடினேன்."

"கடல்பாலத்துக் கோடியில வச்சிருந்தேன். கப்பல் பார்க்கிற மாதிரி. குளத்துப் பக்கம் நீ வரவே இல்ல."

"நான் தேடினதைப் பார்த்தே?"

"பார்த்தேன். கண்டுபிடிச்சிட்டே, உனக்குப் பிடிக்கல, அதான் ஒண்ணும் பேசாமப் போறேன்னு நினைச்சேன். பிடிக்காத பேச்சை எதுக்கு எடுக்கணும்னு விட்டுட்டேன்."

"முப்பத்தஞ்சு வருஷமாவா?"

"அப்படித்தான் ஆயிடுச்சு."

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும். உனக்கும் தெரியும்னுதான் நினைச்சோம். கூச்சப்பட்டுக்கிட்டுப் பேசாம இருக்கேன்னு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஸ்கெல்ஸியின் வாய்க்கு மரியாதை என்றொரு மூடி உண்டு, போட்டால் திறக்காது. கேலி செய்ய ஆயிரம் வாய், சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒன்றும் இல்லை. ட்ரிஷுக்குத் தெரியும், பாதிரியாருக்குத் தெரியும், கழுதைக்காரனுக்கும் தெரியும். குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக அனுப்பி வைத்த மேவிஸுக்கு மட்டும் தெரியாது.

அவளுக்கு வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த கோபுரத்தைப் பிடுங்கி அவர் மண்டையில் போட்டிருப்பாள். "அப்படியே வச்சாலும் எல்லாரையும்போல ஓரிடத்துல வைக்க வேண்டியதுதானே? தினம் எதுக்குத் தூக்கித் தூக்கி மாத்தணும்?"

"திறக்கறதுக்கு முந்தின ராத்திரி முதல்ல உங்க வீட்டு வாசல்லதான் வச்சேன். பார்க்கச் சகிக்கல மேவிஸ். கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு. விடிஞ்சதும் எடுத்துட்டேன். அப்புறம் தினம் காலையில கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு புது இடம். குழந்தைங்க தானாக் கவனிச்சுத் தேட ஆரம்பிச்சுதுங்க. மிட்டாய் பின்னாடி வந்ததுதான்."

"இன்னைக்கு எங்கே?"

"அதைச் சொல்றதில்ல. யாருக்கும் சொல்றதில்ல."

மேவிஸ் தேடினாள். ஐம்பத்தைந்து நிமிஷத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுகிறவள், ஒரு தோட்டமளவு ஊரில் முக்கால் மணி நேரம் திரிந்தாள். கடல்பாலத்தில் இல்லை. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் இல்லை. மீன் சந்தையில் குனிந்து பார்த்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடைசியில் கிடைத்தது ரயிலடியில். ஒரு கால் முன்னே, பார்வை கைக்கடிகாரத்தில், பக்கத்தில் தீப்பெட்டியளவு ஒரு பெட்டி.

"ட்ரிஷ் சொல்லிட்டாளா?"

"அவ வாயே திறக்கல. சனிக்கிழமையிலேருந்து பால் வேண்டாம்னு பால்காரர்கிட்ட சொன்னியாமே. அது போதாதா?" வில்ஃப் பொம்மையை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார். "போறவங்க கையில குடுக்கணும். விதி."

அவள் வாங்கிப் பார்த்தாள். கோட்டு அன்றைக்கு வாங்கிய அதே பச்சை. ஆனால் முடி நரைத்திருந்தது. முகவாய்க்குக் கீழே கொஞ்சம் சதை தொங்கியது. போன வருஷம் வாங்கிய மூக்குக்கண்ணாடிகூட இருந்தது, மயிரிழைக் கம்பியில். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மனிதர் உட்கார்ந்து அவளுக்கு ஒரு வயது கூட்டியிருக்கிறார். தான் எப்படி இருக்கிறோம் என்று யாராவது பார்த்தார்களா என்று அவள் ஏங்கிய வருஷமெல்லாம் அந்த உள்ளங்கையளவு மரத்தில் இருந்தது. மேவிஸுக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. வில்ஃப்தான் பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ரயிலடிக் கூரையைப் பார்த்தார்.

"இதை நான் கொண்டுபோயிட்டா நாளைக்குக் குழந்தைங்க எதைத் தேடும்?" என்றாள்.

"அதை நானும் யோசிச்சேன்."

"யோசிச்சுக் கிழிச்சே. இந்தா." பொம்மையை அவர் கையிலேயே திணித்துவிட்டு, தீப்பெட்டியளவு பெட்டியை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இவ எங்கேயும் போகல. இவளுக்குப் பெட்டி எதுக்கு? ஆனா ஒண்ணு, ஒருநாள்கூட ஒரே இடத்துல நிறுத்தி வைக்காதே."

"ஞாயித்துக்கிழமையும் மாத்தணுமா?"

"ஞாயித்துக்கிழமையும்தான்."

அவர் தலையை ஆட்டினார். பொம்மையின் கோட்டைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "திரும்பி வருவியா?" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் வில்ஃப் ஆர்மராட் அவளைப் பற்றி அவளிடமே நேராகக் கேட்ட ஒரே கேள்வி அது.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மேவிஸ் அதைப் பார்த்தாள். "மழை வரும்போல இருக்கு," என்றாள்.

"ஆமா," என்றார் வில்ஃப். "வரும்போலத்தான் இருக்கு."

சனிக்கிழமை ரயிலடிக்கு வழியனுப்ப யாரும் வரவில்லை. ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் தற்செயலாக அன்று ரயில் அட்டவணை பார்க்க வேண்டியிருந்தது. பாதிரியார் தற்செயலாக அங்கே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ட்ரிஷ், தகவல் நிலையத்தைப் பூட்டிவிட்டு, தற்செயலாகத் தேநீர் வாங்க வந்திருந்தாள். இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அப்படியே ஏதோ வேலை. ரயில் இருபது நிமிஷம் தாமதம் என்று அறிவித்தார்கள்.

மேவிஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். கை பழக்கத்தில் கடிகாரத்துக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். இந்நேரம் பொம்மை ஊர் திறந்திருக்கும். கடல்பாலத்திலோ கலங்கரை விளக்கத்திலோ ஒருத்தி ஒரு காலை முன்னே வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், ஏதோ ஒரு குழந்தை அவளைத் தேடிக்கொண்டிருக்கும். தனக்குப் பதிலாகப் பரபரப்பதற்கு அவள் இருக்கிறாள். மேவிஸ் நடைமேடை பெஞ்சில், ட்ரிஷ் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.