வளைகாப்பு அன்று வந்த நரை

1950-களின் கடைசியில் ஒரு தை மாதம். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் நாலு குடித்தனம் இருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு வளைகாப்பு. முதல் நாள் சாயங்காலம் திருச்சியில் எங்கள் ஆபீஸ் நாடகம். அதில் எனக்குத் தாத்தா வேஷம்.

ஒத்திகையில் ஒரு சங்கடம். தலையில் தூவிய வெள்ளைப் பவுடர், நான் கோபமாக வசனம் பேசும்போதெல்லாம் மாவு மில் மாதிரிப் பறந்தது. கதாநாயகியாக நடித்த குமாஸ்தா அழவேண்டிய காட்சியைத் தும்மியே முடித்தார். உடனே என் மூளை வேலை செய்தது. தாடி ஒட்டுகிற பசையில் பவுடரைக் குழைத்துத் தடவச் சொன்னேன். "அப்புறம் எடுக்கிறது கஷ்டம் சார்" என்றார் மேக்கப்காரர். அது என் பாடு என்று சொல்லிவிட்டேன். மேதாவி அல்லவா!

நாடகத்தில் நல்ல கைதட்டல். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஒருவர் எழுந்து "உட்காருங்க பெரியவரே" என்றார். வெட்கமே இல்லாமல் காவிரிப் பாலம் முழுவதும் உட்கார்ந்து வந்தேன்.

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. விடிந்ததும் கிணற்றடியில் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். துணி சோப்பு போட்டேன். முடி தென்னந்துடைப்பம் மாதிரி விறைத்ததே தவிர வெள்ளை அசையவில்லை. நல்லெண்ணெய் தடவினேன். கொஞ்சம் வழுக்கி நெற்றிக்கு வந்து, திருநீறு பூசிய கிழவனாக்கிவிட்டது.

மொட்டை அடித்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் மனைவி கர்ப்பமாக இருக்கையில் புருஷன் தலையில் கத்தி படக்கூடாது என்பார்களே, அந்தப் பயத்தில் மாதக்கணக்காக நான் முடியே வெட்டவில்லை. தலை காடாக வளர்ந்து கிடந்தது. பசைக்கு நல்ல விளைநிலம்.

மாமனார் மணப்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்கிறவர். சுற்றத்தார் நடுவில் அவர் மகள் பக்கத்தில் நான் நரைத்த தலையோடு மணையில் உட்கார வேண்டும்.

பெயிண்ட் அடிக்கிறவர்கள் மண்ணெண்ணெயில் கை கழுவுவது ஞாபகம் வந்தது. பாட்டிலோடு தலையில் கவிழ்த்தேன். என்ன ஆச்சரியம், வெள்ளை கரைந்து கழுத்தில் வழிந்தது! அந்தச் சந்தோஷத்தில் மிச்சத்தை வெந்நீரில் அலசிவிட நினைத்தேன். தவலைக்கடியில் அடுப்பு அணைகிற மாதிரி இருந்தது. ஊதுகுழலை எடுத்துக் குனிந்தேன்.

"என்னங்க, என்ன அது மண்ணெண்ணெய் வாடை?" என்றாள் என் மனைவி, கொல்லை வாசற்படியில் உட்கார்ந்தபடி.

என் வாய் ஊதிக்கொண்டிருந்தது.

'பக்'கென்று ஒரு சத்தம். கண்ணெதிரே மஞ்சள். என் தலைதான் எரிகிறது என்று எனக்குப் புரிவதற்குள் ஏதோ ஈரமாக, கனமாக, என் மேல் விழுந்து முகத்தோடு அமுக்கியது. விருந்துக்கு வாங்கி வைத்த வாழையிலைக் கட்டின் மேல் கிடந்த ஈரச் சாக்கு. கை கொடுத்தால்தான் எழுந்திருக்க முடிகிற ஒன்பது மாதக்காரி, எப்படி எழுந்தாள், எப்படி ஓடி வந்தாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது.

சாக்கை எடுத்துவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தேன். முன்னந்தலை முடி போயிருந்தது. ஒரு புருவம் இல்லை. காது கொப்பளித்திருந்தது. கத்தி படாமல் காத்த தலையை நெருப்பே வந்து சிரைத்துவிட்டது. இதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று திரும்பினேன்.

அவள் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கை. முகம் வெளுத்திருந்தது.

"குழந்தை அசையலைங்க."

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை. என் கையை எடுத்து அவள் வயிற்றில் வைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்க வைத்தேன். ஒன்றுமில்லை. எதற்கெடுத்தாலும் ஜோக் அடிக்கிற நான் சமயபுரத்து அம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். மிச்சமிருந்தது பாதித் தலை. இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

எவ்வளவு நேரமோ தெரியாது. என் உள்ளங்கையில் 'டக்'கென்று ஓர் உதை. இன்னொன்று. அவள் அழ ஆரம்பித்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தேன்.

அப்படியே உட்கார்ந்திருக்கையில் மாமனார் முறுக்குக் கூடையோடு வந்து நின்றார். பாதி வெந்தும் பாதி வெளுத்தும் இருந்த என் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் மூச்சு விட்டார். "மாப்பிள்ளை, கொஞ்சம் வாயைத் திறங்க. பல்லைப் பார்த்தாத்தான் வயசு சொல்ல முடியும்" என்றார்.

மகள் தலை நிறைய முடியோடு பிறந்தாள். இப்போது எனக்கு நரை தானாகவே வருகிறது. சாயம் பூசிக்கொள்ளச் சொல்லி நண்பர்கள் கேலி செய்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு வெள்ளை முடியையும் மரியாதையாகத்தான் வாருகிறேன். கிழவனாகத் தெரிகிறோமே என்று பதறிய அந்தக் காலையில், அவள் எழுந்து ஓடி வந்திராவிட்டால், நான் கிழவனாகவே ஆகியிருக்க மாட்டேன்.