கால்வாய் வரைக்கும்

அந்த வருடம் மே மாத நீண்ட வார விடுமுறையில் நான் தனியாகச் சைக்கிளில் புறப்பட்டேன். ரொறன்ரோவின் மல்வேர்னில் இருந்து வடக்கே அக்ஸ்பிரிட்ஜ், அங்கிருந்து பழைய ரயில் பாதை வழியாக லிண்ட்சே, பிறகு பீற்றர்பரோவில் கால்வாய். தண்டவாளங்களைக் கழற்றி எடுத்துவிட்டு, சரளைக்கல் பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் விட்டிருந்த பாதை அது. இரண்டு கோடைகளாகப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் போனபோது பாதையைப் பார்க்கும் ஆசை எனக்குள் மிச்சம் இருக்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் தங்கை கணவனோடும் மகளோடும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தைப்பொங்கல் கழிந்து சில நாட்களில் யாரோ ஒருவருடைய போனில் இருந்து கதைத்தாள். "அக்கா, நாங்கள் இன்னும் உள்ளுக்க போறம். இனி எடுக்க ஏலாது போல கிடக்கு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நான் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து, சப்வே பிடித்து, டவுன்டவுனில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகைகளோடு வீதியோரம் நின்ற சனத்தோடு போய் நிற்பேன். பனிக்காலத்தில் தொடங்கியது, மரங்கள் தளிர்த்த பிறகும் அப்படியே போனது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் மேலே தமிழ்த் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்றுக்குள் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்கார அன்ரியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய தமையனின் குடும்பமும் வன்னிக்குள்ளேதான் இருந்தது.

ஒருநாள், வேலையில், ஒரு மூதாட்டிக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது நின்றபடியே உறங்கிவிட்டேன். கரண்டி விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விடுமுறையோடு சேர்த்துச் சில நாட்கள் வேலைக்கு வரவேண்டாம் என்றார். "வீட்டுக்குள் இருக்காதே, எங்கேயாவது வெளியே போ" என்றும் சொன்னார்.

புறப்பட்ட காலையில் நான் கரியரில் பையைக் கட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு அன்ரி வாசலுக்கு வந்தார்.

"உதென்ன பிள்ளை, எங்க வெளிக்கிடுறாய்?"

"மூண்டு நாலு நாளைக்கு வெளிய போட்டு வாறன் அன்ரி. சைக்கிளிலதான்."

"இந்த நேரத்திலயோ? அங்க சனம் செத்துக்கொண்டு கிடக்குது."

"ஓம் அன்ரி."

"பிறகேன் போறாய்?"

"இங்க இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்."

அவர் உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நான் சைக்கிளை உருட்டத் தொடங்கினேன். கதவு திரும்பவும் திறந்தது. ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டுக்கொண்டு வந்தார். "போனை நிப்பாட்டிப் போடாத. ஏதும் எண்டா நான் எடுப்பன்" என்றார்.

முதல் நாள் முழுவதும் எதிர்க்காற்று. வயல்களுக்கு நடுவே ஏறி இறங்கும் தெரு; பாரம் ஏற்றிய லொறிகள் உரசுவது போலக் கடந்து போயின. ஏற்றங்களில் இறங்கி உருட்டினேன். அக்ஸ்பிரிட்ஜில் மலிவான விடுதி ஒன்றில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். உடம்பு களைத்தால் நித்திரை வரும் என்று நம்பித்தான் வந்திருந்தேன். உடம்பு களைத்தது. நித்திரை வரவில்லை.

மறுநாள் ரயில் பாதை. ரயில் ஓடிய இடம் என்பதால் பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. கயிறு பிடித்துப் போட்டது போல நேராக, இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், தவளைச் சத்தம், சிவப்புத் தோள் கொண்ட கறுப்புக் குருவிகள். மிதித்தாலும் இடம் மாறாதது போலவே இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. எந்த முடிவும் எடுக்கத் தேவையில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்தன. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நல்ல காலநிலை என்று சொன்னார்கள். நானும் ஓம், நல்ல காலநிலை என்றேன். ஒரு மரப்பாலத்தில், ஆற்றுக்கு மேலே, பிட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் கனநேரம் இருந்தேன். தன் மகளுக்குப் பிட்டென்றால் விருப்பம் என்று தங்கை எப்போதோ சொல்லியிருந்தாள். அந்தப் பிள்ளையை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

லிண்ட்சேயில் இருக்கும்போது அன்ரி அழைத்தார். "ஏதோ எல்லாம் முடியப்போகுது எண்டு சொல்லுறாங்கள். நீ நம்பாத பிள்ளை." அவருடைய குரலில் நம்பிக்கை இல்லை.

திங்கட்கிழமை மழை. குளிர் மழை. பீற்றர்பரோவுக்கு இன்னும் பாதி தூரம் இருக்கையில் பின் சில்லில் காற்றுப் போய்விட்டது. ஒட்டுப்போடும் சாமான்கள் பையில் இருந்தன. ஆனால் விறைத்த விரல்களால் ரயரைக் கழற்ற முடியவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையை விட்டு இறங்கிச் சிறிய ஊர் ஒன்றுக்கு வந்தேன். விடுமுறை நாள், கடைகள் பூட்டிக் கிடந்தன. பெற்றோல் நிலையம் ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே போய் ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

அன்ரி அழுதார். முதலில் எனக்குச் சொற்கள் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. போர் முடிந்துவிட்டதாக அரசாங்கம் சொல்லிவிட்டது. தமையனைப் பற்றிச் செய்தி இல்லை. யாரைப் பற்றியும் செய்தி இல்லை. நான் "ஓம் அன்ரி, ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, காசாளர் மேசைக்குப் பின்னால் இருந்த சிறிய தொலைக்காட்சியில் கொழும்புத் தெரு ஒன்றில் ஆட்கள் கொடி பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் நின்றவர் கையை நீட்டி அதை நிறுத்தினார். என்னைவிடச் சில வயது இளையவராக இருப்பார்.

"அக்கா, யாழ்ப்பாணமோ?" என்று தமிழில் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"உங்கட ஆக்கள் உள்ளுக்கயோ?"

"தங்கச்சி. அவளின்ர மனுசன். ஒரு பொம்பிளப்பிள்ளை."

அவர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். "நானும் யாழ்ப்பாணம்தான். சோனகதெரு. தொண்ணூறில வெளிக்கிட்டனாங்கள்."

வெளிக்கிட்டனாங்கள் என்று அவர் சொன்னாலும் அவர்களாகக் கிளம்பியது அல்ல அது. அந்த வருடம் புலிகள் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரு காலைப் பொழுதுக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தைத்துத் தந்த சோனகதெருத் தையற்கடை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைத்ததாக நினைவில்லை.

அவர் நான் ஏதும் சொல்வதற்காகக் காத்திருக்கவில்லை. "நல்லா நனைஞ்சுபோய் நிக்கிறியள். மேல வீட்டில மனுசி இருக்கிறா. வாங்கோ" என்றார்.

அவருடைய மனைவி புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைக் கண்டதும் கேள்வி எதுவும் கேட்காமல் துவாயும் தன்னுடைய நீளச் சட்டை ஒன்றும் தந்து குளியலறைக்குள் அனுப்பினார். வெளியே வந்தபோது மேசையில் சோறு இருந்தது. "மாட்டிறைச்சி சாப்பிடுவீங்களோ தெரியல்ல. முட்டை பொரிச்சிருக்கேன்" என்றார். அன்றைக்குத்தான் நான் உண்மையாகச் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர்களின் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் அவர் வாளித் தண்ணீரில் ரியூப்பை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டார். நான் பக்கத்தில் படியில் இருந்தேன். வேலையைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. முடிஞ்சுது எண்டு கேட்டவுடன எனக்குச் சிரிக்கவும் வரேல்லை, அழவும் வரேல்லை. வாப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார் எண்டுதான் யோசிச்சன். புத்தளத்தில முகாமிலதான் அவர் மவுத்தானவர். அடுத்த வருசம் ஊருக்குப் போவம், அடுத்த வருசம் போவம் எண்டு சொல்லிச் சொல்லியே போட்டார்."

"இனி நீங்கள் போகலாம்தானே" என்றேன். சொன்ன பிறகு, ஏன் சொன்னேன் என்று இருந்தது.

"போகலாம்." அவர் ரியூப்பைத் துடைத்தார். "அங்க ஆர் இருக்கினம், அக்கா? அதை விடுங்கோ. முதல்ல உங்கட தங்கச்சி வரட்டும்."

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. மாதக்கணக்காக வீதியில் நின்று கத்தியபோது வராத அழுகை. அவர் எழுந்து உள்ளே போய் மனைவியை அனுப்பினார்.

பொழுதுபடும் நேரத்தில் பிள்ளைகள் தகப்பனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். விடுமுறைக்காக ஊர்ப் பூங்காவில் வாணவேடிக்கை இருந்தது. கூட்டிப்போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இண்டைக்கு வேண்டாம்" என்றார். சின்னவள் முகம் சுருங்கியது.

"கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி" என்றேன். "அதுகளுக்கு என்ன தெரியும். பாவங்கள்."

"நீங்கள்?"

"நான் இங்க அக்காவோட இருக்கிறேன், நீங்க போங்க" என்று அவருடைய மனைவி சொன்னார்.

அவர்கள் போன சிறிது நேரத்தில் வெடிகள் தொடங்கின. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு தானாகத் துள்ளியது. அவருடைய மனைவி எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு துணிக் கூடையை என் முன்னால் வைத்து, "இதை மடிச்சுத் தாறீங்களா?" என்றார். சின்னச் சின்னச் சட்டைகள், காலுறைகள், பள்ளிக்கூடக் காற்சட்டைகள். நாங்கள் இருவரும் மடித்தோம். முடிந்தபோது வெடிச்சத்தமும் ஓய்ந்திருந்தது.

காலையில், ரொறன்ரோவுக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் சொன்னார். மழை விட்டு வெயில் எறித்தது. கால்வாய் வரைக்கும் போய்விட்டுப் போகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பீற்றர்பரோவில் கால்வாயின் ஓரிடத்தில் படகுகளைத் தண்ணீரோடு சேர்த்துத் தூக்குகிறார்கள். இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்று இறங்க மற்றது ஏறுகிறது. மேலே ஏறும் படகில் ஒரு கிழவனும் கிழவியும் மடக்குக் கதிரைகளில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறேழு மாடி உயரத்துக்கு ஏறும்வரை கோப்பையைக் கீழே வைக்கவில்லை. நான் புல்லில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது சரிந்தேன் என்று தெரியாது. பூங்காப் பணியாளர் ஒருத்தி என் தோளைத் தட்டி எழுப்பியபோது பின்னேரமாகி இருந்தது. முகம் வெயிலில் எரிந்தது. "சுகமில்லையா?" என்று கேட்டாள். நித்திரை கொண்டேன் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சைக்கிளைப் பஸ்ஸின் அடியிலுள்ள சாமான் அறையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அன்ரி வாசலில் நின்றார். தமையனின் பெயரைச் சொல்லிக் கையை விரித்தார். உள்ளே போய் அவரோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன்.

பெற்றோல் நிலையத்துத் தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து அழைத்தார். "செய்தி ஏதும் வந்ததோ அக்கா?" இல்லை என்பேன். "வரும்" என்பார்.

கோடை நடுவில் தங்கை கதைத்தாள். வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் இருந்து, யாருடைய போனிலோ.

"அக்கா, நான்தான்."

"மகள்?"

"பக்கத்தில நிக்கிறாள்."

"அவர்?"

"தெரியாது. வெளிய வரேக்க ஆமிக்காரங்கள் ஆம்பிளையளை வேற பஸ்ஸில ஏத்தினவங்கள். பின்னால வருவார் எண்டுதான் சொன்னவங்கள்."

அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னதைக் கேட்டுத் தம்பி முதலில் இறைவனுக்கு நன்றி சொன்னார். மிச்சத்தையும் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அழைத்தார். அன்ரியின் தமையன் குடும்பத்தில் ஒருவரும் வரவில்லை.

முகாமில் இருந்து வெளியே விட்ட பிறகு தங்கை வவுனியாவில் ஒரு வீடெடுத்துக்கொண்டாள். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போகிறாள். தகப்பனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சில வருடங்கள் கழித்து நான் போய் அவர்களோடு மூன்று கிழமை இருந்தேன். காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்கை நெற்றியில் குங்குமம் வைப்பாள். மகளும் நானும் ஏதாவது வேலை இருப்பது போல அப்பால் போய்விடுவோம்.