கல்லுக்கு வைத்த குங்குமம்

வசந்தாமணியின் கைப்பையைத் திறந்தால் முதலில் தட்டுப்படுவது குங்குமச் சிமிழ்தான். அமெரிக்காவில், டெக்சாஸின் பிளானோவில் புது வீட்டு வாசலுக்கு வைத்தாள், காருக்கு வைத்தாள், சரி. வாஷிங் மெஷினுக்கும் வைத்தாள். கோபிச்செட்டிபாளையத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்தக் கைக்கு மட்டும் அது தெரியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அங்கிருந்த சறுக்குமரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவள் அவள்.

போன மாதம் கணவர் வெள்ளியங்கிரிக்கு அயர்லாந்தில், டப்ளினில் ஆபீஸ் வேலை. மனைவியையும் மகள் ஓவியாவையும் கூட்டிப்போனவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு குக்கிராமத்தைக் காட்டினார். நாலு வீடு, ஒரு கடை, பின்னால் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடம். கூரையில்லாத சின்னக் கோயில், பாதி இடிந்த மணிக்கோபுரம், புல்லுக்கு நடுவே சிலுவை செதுக்கிய ஒரு கல். வசந்தாமணிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலமாகச் சாமி குடியிருக்கிற கல், நெற்றி வெறுமையாக நிற்கிறதே! குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மூன்று பொட்டு வைத்து, பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள். அதற்குள் வெள்ளியங்கிரி காரிலிருந்து ஹாரன் அடிக்க, ஓடிவந்துவிட்டாள்.

வீடு திரும்பியபின் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஓவியா அலறினாள்.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்? தட்ஸ் எ ப்ரொடெக்டட் மான்யுமென்ட். இட்ஸ் எ க்ரைம்!”

வசந்தாமணி கணவரிடம் ஓடினாள். அடுத்த வாரம் அவளுக்கு அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ. பிடிபடாமல் ஏதாவது குற்றம் செய்ததுண்டா என்று ஆபீசர் கேட்பார்.

“ஏனுங்க, நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

“நோன்னு சொல்லு. அயர்லாந்துல இருந்து எவன் வந்து பாக்கப் போறான்?”

“சத்தியம் பண்ணிப்போட்டு பொய் சொல்லச் சொல்றீங்களா? என்னால ஆகாதுங்க.”

சோறு இறங்கவில்லை. சிட்டிசன்ஷிப்பாவது இன்னொரு முறை அப்ளை பண்ணலாம். அந்தக் கல்லில் கறை நின்றுவிட்டால்? கடைசியில் ஓவியாவிடம் சொல்லி மடத்தைப் பராமரிக்கும் அம்மாளின் நம்பரைத் தேடி வாங்கி, தானே கூப்பிட்டாள். தெரிந்த இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

மறுமுனையில் சிரிப்புக் கிளம்பியது.

“அந்தச் சிவப்பு நீங்கள்தானா!”

கல்லில் ரத்தம் வடிந்துவிட்டது என்று ஊரில் இரண்டு பெரியவர்கள் மண்டியிட்டே விட்டார்களாம். மறுநாள் மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கல்லுக்கு ஒன்றுமில்லை, குற்றமுமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

“அது கிடக்கட்டும், கல்லைச் சுற்றினீர்களா?” என்று கேட்டாள் அந்த அம்மாள். “நாங்கள் வலமாக மூன்று சுற்று வருவோம்.”

வசந்தாமணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “இல்லை, என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.”

“அப்படியானால் இன்னொரு முறை வாருங்கள். அந்தச் சிவப்பை மட்டும் பையிலேயே வைத்திருங்கள்.”

அன்று ராத்திரி அவள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்தது. “நோ சார்!” என்று அவள் சொன்ன வேகத்தில் ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். பாஸ் என்று சொல்லிக் கை குலுக்கினார். அவர் மேஜைமேல் அன்றைக்குத்தான் பிரித்து வைத்தமாதிரி பளபளவென்று ஒரு புதுப் பிரின்டர் இருந்தது.

வசந்தாமணியின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.