ஆறாம் பாகத்தில் எனக்கு வேலை இல்லை

ஐந்து வருஷம் காக்க வைத்துவிட்டு வந்த ஆறாம் பாகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல். மோசமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

நாமே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராக நடந்து, எதிர்ப்படுகிறவர்களோடு பேசியும் சண்டை போட்டும் போகிற வீடியோ கேம். பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்து அக்காவும் நானும் சேர்ந்தே ஆடினோம். கன்ட்ரோலர் அவள் கையில், கட்டம் போட்ட கணக்கு நோட்டு என் கையில். அப்போது விளையாட்டில் வழி காட்ட எதுவும் கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். நான் வரைவதுதான் வரைபடம். "எந்தப் பக்கம்டி?" என்று என்னைக் கேட்காமல் அவள் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

மூன்றாம் பாகத்தில் ஒரு மலை வரும். அதைச் சுற்றினால் கதவு திறக்கும் என்று பாறையில் எழுதியிருந்தது. சுற்றினோம். இரண்டு மாதம் சுற்றினோம். திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் அது வலப்பக்கம்தான் இருக்கும். மாற்றிச் சுற்றலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கடைசியில் அக்காதான் வெறுத்துப்போய், "எதிர்ப்பக்கமா போனா என்னடி ஆயிடும்?" என்று திருப்பினாள். நான் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கதவு திறந்தது. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். ஆறாம் பாகம் வந்து மூன்று வாரம், அவள் வரட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை வந்தாள். புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கட்டத்தை எண்ணிக் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அதே மலை மறுபடி வந்தது. ஈரப் பாறை, காற்றில் சாயும் புல், பழைய இசை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தரையில் மஞ்சளாக ஒரு கோடு ஓடுகிறது, இப்படிப் போ என்று. வரைபடமும் தானே வரைந்துகொள்கிறது. வாழைப்பழத்தை உரித்ததோடு நிறுத்தாமல் வாயிலும் ஊட்டிவிடுகிறார்கள். செட்டிங்ஸில் தேடிப்பிடித்து அந்தக் கோட்டை அணைத்தேன்.

"ஏன்டி ஆஃப் பண்ற? நாளைக்குப் பௌர்ணமி, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். நான் காலையிலயே பஸ் புடிக்கணும். அது இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்ல."

மறுபடி போட்டேன். கோடு மலையை இடப்பக்கம் வைத்துத் திரும்பியது. அவளும் யோசிக்காமல் திரும்பினாள். ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்துவிட்டது.

"இங்கதானக்கா ரெண்டு மாசம் மாட்டிக்கினோம்?" என்றேன்.

"அப்படியா?" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. "காபி போடறியா? நீ சும்மாதான உக்காந்திருக்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விளையாட்டைச் செய்தவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே போய்க் காபி போட்டேன். அவளைத் திட்ட மனசு வரவில்லை.

மறுநாள் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, கோட்டை அணைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். மலை வந்ததும் அதை வலப்பக்கம் வைத்து மூன்று சுற்று நடந்தேன். கதவு திறக்காது என்று எனக்குத் தெரியும்.